அலமாரிக்குப் பின்னால் இருக்கும் படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். ஸ்காட்லாந்தில் நீ குடி போன அன்று வாங்கி மாட்டிய அந்தக் கடற்கரைப் படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டதாக. வீட்டுக்கு வந்த யாரோ, "இது இந்த நாட்டில் பாதி வீட்டில் தொங்கும் அச்சுப் படம், ஓவியம் தெரிந்தவர்கள் வாங்க மாட்டார்கள்" என்று சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டு நீ உடனே எரிவாயு பில் பற்றிப் பேசப் போய்விட்டாய். எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. 34 வருடம் சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் முன்னால் நின்று படம் அச்சடித்தவன் நான். அச்சுப் படம் என்பதால் என் மகள் வெட்கப்பட்டாள் என்றால் அதற்கு ஒரு பதில் எழுதாமல் இருக்க முடியாது.

நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் முருகன் படத்தை நினைத்துப் பார். கோவில்பட்டியில் இருந்த காலண்டர் ஓவியர் கொண்டையராஜு வரைந்தது. அவர் 1976இல் காலமானார். அவர் கையால் வரைந்த மூலம் எங்கே இருக்கிறது என்று நான் ஒரு நாளும் தேடியதில்லை. நமக்குக் கிடைத்தது காலண்டரில் வந்த அச்சு. அதற்குத்தான் உன் பாட்டி கண்ணாடி போட்டு, கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். உன் காய்ச்சலுக்கு வேண்டிக்கொண்டதும் அதன் முன்னால்தான். இதே படம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதனால் ஒரு துளி பக்தி குறைந்ததா?

சரி, உன் படத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அதை வரைந்தவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜாக் வெட்ரியானோ. பிறந்தது 1951இல், உன் எடின்பரோவிலிருந்து வளைகுடாவைத் தாண்டினால் வரும் ஃபைஃப் பகுதியில், மெத்தில் என்ற ஊரில். நிலக்கரி ஏற்றுமதி செய்த துறைமுகம் அது. சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. இவரும் பதின்வயதிலேயே பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் வேலை பழகப் போனவர். 21ஆம் பிறந்த நாளுக்குக் காதலி ஒரு வாட்டர்கலர் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அங்கே ஆரம்பித்ததுதான். ஓவியக் கல்லூரிப் படிப்பு கிடையாது. கிர்கால்டி காட்சிக்கூடத்துக்குப் போய் அங்கிருந்த ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தே கை பழகியவர். வெட்ரியானோ என்பது அம்மா வழியில் எடுத்துக்கொண்ட பெயர். அந்தப் பக்கம் இத்தாலிய வம்சம்.

உன் சுவரில் இருந்த 'பாடும் பட்லர்' 1992இல் முடித்தது. பட்லர் என்றால் பணக்கார வீட்டுத் தலைமை வேலைக்காரர். அந்த வருடம் லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சிக்கு அனுப்பியதை அவர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். 2004இல் அதே படம் ஏலத்தில் 7,44,800 பவுண்டுக்குப் போனது. பணத்தைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கியது பெரிய ஓவியக் கூடங்கள் அல்ல. வாழ்த்து அட்டையாகவும் போஸ்டராகவும் அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன ஜனங்கள். பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஓவிய அச்சுகளில் அது ஒன்று என்கிறார்கள். உன் வீட்டுக்கு வந்தவர் குறையாகச் சொன்னாரே, அதே விஷயம்தான்!

அம்மாவிடம் போனைக் காட்டினேன். ஈர மணலில் ஆடும் ஜோடியை அவள் பார்க்கவே இல்லை. "பாவம், காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அந்தப் பிள்ளை யார்?" என்று கேட்டாள். வேலைக்காரப் பெண், இந்தப் பக்கம் குடை பிடிப்பவர் பட்லர் என்று சொன்னேன். "அவர்கள் எத்தனை நேரமாக நிற்கிறார்களோ" என்றாள். அதற்கு அப்புறம்தான் எனக்கே படம் புரிந்தது. சிவப்பு கவுனும் கறுப்புக் கோட்டும் போட்டு ஆடுகிற அந்தப் பழைய காலம், மெத்தில் சுரங்க வீடுகளில் யாரும் வாழ்ந்த காலம் இல்லை. அங்கிருந்து ஒருவர் அந்தப் படத்துக்குள் போயிருந்தால் குடை பிடிக்கத்தான் போயிருப்பார். ஆனாலும் வெட்ரியானோ படத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆடுகிறவர்களை விட்டுவிட்டுப் பாடுகிறவன் பெயரை வைத்திருக்கிறார். வாழாத காலத்துக்கும் ஏக்கம் வரும் பாப்பா. அந்த ஏக்கத்தைப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது.

இன்னொரு குறையும் சொல்வார்கள், நீயே கேள்விப்படுவாய். அந்த உருவங்களின் நிலைகளை ஓவியர்களுக்கென்று விற்கும் ஒரு மாதிரிப் படப் புத்தகத்திலிருந்து எடுத்தார் என்று 2005இல் செய்தி வந்தது. உண்மைதான். அந்தப் புத்தகம் அதற்காகவே போடப்பட்டது. புத்தகத்தில் கடல் இல்லை, மேகம் இல்லை, மணலில் தெரியும் நிழல் இல்லை, குடையை இழுக்கும் காற்றும் இல்லை. அவருடைய எல்லாப் படமும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். படுக்கையறைக் காட்சிகளில் பல ஒரே மாதிரி இருக்கின்றன, அவற்றில் உள்ள பெண்களுக்கு மனசு என்று ஒன்று வரையப்படவில்லை என்று தோன்றியது. இந்தப் படம் அப்படி இல்லை.

இப்போது தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன், செய்து பார். ஒரு நல்ல லென்ஸை வாங்கி அந்த கவுன் மேல் வைத்துப் பார். குட்டிக் குட்டிப் புள்ளிகள் பூ மாதிரி வட்டம் கட்டி நின்றால் அது ஆஃப்செட் அச்சு. புள்ளி வரிசை தெரியாமல் மிக நுண்ணிய தூறல் போல இருந்தால் இங்க்ஜெட்டில் எடுத்தது. அதைத்தான் 'ஜீக்ளே' என்று அதிக விலைக்கு விற்கிறார்கள். கீழே பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் இருந்தால் எண்ணிக்கை வரையறுத்து அடித்தது. உன்னுடையது சாதாரண போஸ்டராகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஆஃப்செட்டாக இருந்தால் அந்த கவுனில் சிவப்பு மையே கிடையாது. மெஜந்தா புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பக்கத்தில் பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் விழுந்து, உன் கண்ணில்தான் சிவப்பாகிறது. நாலு நிறத்துக்கான நாலு பிளேட்டும் மயிரிழை விலகாமல் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். ஒரு வருடம் தீபாவளி நெருக்கடியில் ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது, விலகியதைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டு, லட்சுமியின் உதடு கன்னத்துக்கு நகர்ந்த ஷீட்டுகளை ஒரு முழு ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன். கெட்டதை எல்லாம் வெட்டிப் போடச் சொன்னபோது கை வரவில்லை. ஒவ்வொரு ஷீட்டும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. உன் படத்தையும் எங்கோ ஒருவர் அப்படி லென்ஸ் வைத்துப் பார்த்து, மையைக் கூட்டிக் குறைத்துத்தான் அனுப்பியிருப்பார்.

திரும்ப மாட்டும்போது ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். வெயில் பட்டால் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் போகும். டீக்கடைக் காலண்டர் எல்லாம் நீலமாகப் போவது அதனால்தான். உன் படத்தில் முதலில் வெளிறப் போவது அந்த கவுன். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போடச் சொல். அமிலம் இல்லாத அட்டையா என்று கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் ஓரம் பழுப்பேறும். குளியலறைச் சுவருக்குப் பின்பக்கமும் வேண்டாம், ஈரத்தில் காகிதம் அலை அலையாக நெளிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி கிர்கால்டி போய் வா. வெட்ரியானோ நின்று பழகிய காட்சிக்கூடம் அங்கேதான். அப்புறம் அங்கிருந்து லீவன் வரை போ. 2024 ஜூனில்தான் அந்தப் பாதையில் மறுபடி ரயில் விட்டிருக்கிறார்கள். மெத்தில் அங்கிருந்து கிட்டத்தான். கடற்கரையில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அவர் 2025 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரில் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்தபோது தெரிந்தவர் ஒருவர் போனது போல இருந்தது எனக்கு.

அம்மா கேட்கச் சொன்னாள்: அந்தத் தொப்பி பிடித்த பெண்ணின் காலில் செருப்பு இருக்கிறதா என்று. போட்டோவில் தெரியவில்லை. படத்தை வெளியே எடுத்துப் பார்த்துச் சொல்.

அன்புடன்
அப்பா