‘99.9 வீதம்’ என்ற எண்ணுக்குப் பணம் கொடுக்குமுன்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலை அபிவிருத்திக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் நான். நோய் வந்தால் உங்கள் விடுதிகளையே நம்பியிருக்கும் பல்லாயிரம் பேரில் ஒருவனும்கூட. வெளிநாட்டில் உள்ள நம் உறவுகள் சேர்த்து அனுப்பும் பணத்தில் ‘கிருமி கொல்லும்’ மெத்தை உறையோ, திரைச்சீலையோ, கட்டில் கம்பிக்கான பூச்சோ வாங்கும் யோசனை வந்தால், விற்பவரிடம் சிலவற்றைக் கேட்டறிந்த பிறகு கையொப்பமிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இந்தப் பொருட்களில் உண்மையான அறிவியல் இருக்கிறது. நாக (துத்தநாக) ஒட்சைட்டு, செப்பு ஒட்சைட்டு, தைத்தானியமீரொட்சைட்டு (டைட்டேனியம் டை ஒக்சைட்) போன்றவற்றின் நனோ துணிக்கைகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களை, பிளாஸ்டிக்கில் கலந்தால் அதன் மேற்பரப்பில் பற்றீரியா மடிவதை எத்தனையோ ஆய்வுகூடங்கள் கண்டிருக்கின்றன. துணிக்கை சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு பெருகும். 20 நனோமீற்றர் விட்டமுள்ள நாக ஒட்சைட்டுத் துணிக்கைகள் ஒரு கிராம் இருந்தால் அவற்றின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 50 சதுர மீற்றர். ஈரம் பட்டதும் அங்கிருந்து நாக அயன்கள் (மின்னேற்றம் கொண்ட நாக அணுக்கள்) கரைந்து வெளிவரும். ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் சேர்வைகளும் உண்டாகும். பற்றீரியாவின் மென்சவ்வு சிதைவது இவற்றால்தான். மருந்துக்கு அடங்காத பற்றீரியா பெருகிவரும் இக்காலத்தில், ஒரே நேரத்தில் பல வழிகளில் தாக்கும் இப்பொருட்கள்மீது எனக்குப் பெரும் எதிர்பார்ப்பு உண்டு.

என் கவலையெல்லாம் ‘99.9 வீதம் பற்றீரியாவைக் கொல்லும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைப் பற்றியதே. பிளாஸ்டிக் மேற்பரப்புகளுக்கு வழக்கமாகச் செய்யப்படுவது ஐ.எஸ்.ஓ. 22196 என்ற சர்வதேசத் தரச் சோதனை. பற்றீரியா கலந்த திரவத்தை மேற்பரப்பில் விட்டு, மெல்லிய படலத்தால் மூடி, 35 பாகை செல்சியசில், 90 வீதத்துக்குக் குறையாத ஈரப்பதனில் 24 மணி நேரம் வைத்திருந்து எண்ணுவார்கள். நம் விடுதி அப்படியா இருக்கிறது? கச்சான் காற்று வீசும் மாதங்களில் கட்டில் கம்பியில் ஈரம் எங்கே நிற்கும்? ஈரம் இல்லாவிட்டால் அயன் வெளிவருவது அரிது. ஒரு நோயாளி தொட்ட கம்பியை அடுத்தவர் தொட 24 மணி நேரம் ஆவதுமில்லை. ஆகவே உலர்ந்த மேற்பரப்பில், ஒரு மணி நேரத்துக்குள், வியர்வையும் அழுக்கும் படிந்த நிலையில் கிடைத்த முடிவைக் கேளுங்கள். அது இல்லை என்றால் அந்த 99.9 வீதத்தை வைத்து விலை பேச இடம் கொடுக்காதீர்கள்.

தைத்தானியமீரொட்சைட்டுக்கு இன்னொரு நிபந்தனை: வெளிச்சம், அதிலும் புற ஊதாக் கதிர். விடுதிகளில் எரியும் எல்.ஈ.டி. விளக்குகளில் அது இல்லை என்றே சொல்லலாம். இரவில் பூச்சு சும்மா இருக்கும். வெயில் படும் இடத்திலோ அது தன்னைத் தாங்கும் பிளாஸ்டிக்கையே அரித்து மாவாக உதிரச் செய்யக்கூடும். (இந்த ஒட்சைட்டின் மூலக் கனியமான இல்மனைற்று நம் மாகாணத்துப் புல்மோட்டை மணலிலேயே இருக்கிறது என்பதை என் மாணவருக்கு எப்போதும் சொல்வேன்.)

கழுவுவதையும் மறக்க வேண்டாம். நாக ஒட்சைட்டு அமிலத்திலும் கரையும், வன்காரத்திலும் கரையும். உயர்தர மாணவர் எவரும் சொல்வார். சிற்றூழியர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் அதே துப்புரவுத் திரவங்களால் பலமுறை கழுவிய பின்னும் பலன் நிற்கிறதா என்பதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். கழுவி வரும் நீர் எங்கே போகிறது என்பதும் நம் கேள்விதான். கரைந்த செப்பும் நாகமும் பாசிக்கும் மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் நஞ்சு. வாவியை நம்பி வலை வீசும் குடும்பங்கள் இந்தக் கொள்வனவில் கையொப்பமிடுவதில்லை.

வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரு விடுதியில் தொடங்குங்கள். பாதிக் கட்டில்களுக்குப் புதிய பொருள், பாதிக்குப் பழையது. காலையில் துடைப்பதற்கு முன் இரண்டிலும் மாதிரி எடுத்துப் பற்றீரியாவை எண்ணட்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. மாணவரின் இறுதியாண்டு ஆய்வுக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு வேறென்ன? மேற்பரப்பில் பற்றீரியா குறைந்தது என்பது வேறு, நோயாளருக்குத் தொற்று குறைந்தது என்பது வேறு. இரண்டாவதற்கான சான்று உலகளவிலேயே குறைவு. அதனால் ஒவ்வொரு கட்டிலருகிலும் கைகழுவும் திரவம், போதிய கையுறை, துடைக்கப் போதிய ஆட்கள் ஆகியவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். மிஞ்சினால் பூச்சைப் பற்றி யோசிக்கலாம்.

விலைமனு அழைப்பில் சேர்க்க வேண்டிய நிபந்தனைகளை எந்தக் குழு கேட்டாலும் கட்டணமின்றி எழுதித் தருகிறேன். கூட்டத்துக்கு வந்து விளக்கவும் ஆயத்தம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஓர் இரசாயனவியல் ஆசிரியன்