2024–25: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். படிப்பது அவரவர் மனசாட்சி.

அவசரப் பிரிவுச் செவிலியர்கள், டாக்டர்கள், 108 பணியாளர்கள் என்று நம் சங்கப் பதிவேட்டில் 74 பெயர்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. மே 12 செவிலியர் தினம் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. பொங்கல் போட்டிகள் நடந்தன. பணி ஓய்வு பெற்ற இருவருக்குச் சால்வை அணிவித்தோம்.

இனி, பொம்மை விவகாரம்.

நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்மீட்புப் பயிற்சிக்குப் பொம்மை வாங்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் நான் சொன்னபோது ஒருவர், "இது சங்கமா, பால்வாடியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். அன்று வாயை மூடிக்கொண்டேன், இன்று பதில் சொல்கிறேன். 1960இல் முதன்முதலில் இப்படி ஒரு பொம்மையைச் செய்து கொடுத்தவரே ஆஸ்மண்ட் லேர்டால் என்ற நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மைக்காரர்தான். அவரிடம் யாரும் பால்வாடி என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

நம்மில் பலரிடம் ஏசிஎல்எஸ் என்கிற மேம்பட்ட இதய உயிர்மீட்புச் சான்றிதழ் இருக்கிறது. அட்டை இரண்டு ஆண்டு செல்லும். கைக்கு அத்தனை நாள் ஞாபகம் இருக்காது, சில மாதங்களிலேயே மறந்துவிடும். அதனால்தான் மாதம் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் 3 மணிக்கு, அரை மணி நேரம் என்று வைத்தேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6ஐத் தாண்டாமலும், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும். தாளில் எழுதச் சொன்னால் எல்லோரும் எழுதிவிடுவோம். பொம்மை அப்படி விடாது. சரியான ஆழத்துக்கு அழுத்தினால் மட்டுமே 'டக்' என்று சத்தம் வரும். ஜூன் மாதம் எனக்கு முதல் நிமிடம் முழுக்க வந்தது. இரண்டாவது நிமிடத்தின் நடுவில் நின்றுபோனது. அவசரப் பிரிவில் 22 ஆண்டு குப்பை கொட்டியவள் நான், சரியாகத்தான் அழுத்துகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்வது ஏன் என்று அன்றுதான் என் தோளுக்குப் புரிந்தது.

இரவுப் பணியில் மாற்றுவதற்கு ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் ஆகஸ்டில் வாட்ச்மேனையும் துப்புரவுப் பணியாளர்களையும் கூப்பிட்டுப் பழக்கினோம். அன்று இரண்டு நிமிடமும் சத்தம் விடாமல் வந்தது ஒரு துப்புரவு அம்மாவுக்குத்தான். அவர் நம் சங்க உறுப்பினர் அல்ல.

செப்டம்பரில் பாம்புக்கடி. 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையைப் பற்றி என்ன பேச இருக்கிறது என்று சிலர் வரவில்லை. சில பாம்புகளின் விஷம் ஏறினால் இரத்தம் உறையாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று, சோப்பு நீரில் கழுவி வைத்த பழைய குழாய் ஒன்று. இரண்டிலும் என் இரத்தத்தையே 2 மில்லி விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வைத்தோம். 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தால் புதியதில் கட்டியாக உறைந்திருந்தது. கழுவிய குழாயில் தண்ணீராக ஓடியது. என்னைப் பாம்பு தீண்டவே இல்லை; அந்தக் குழாயை நம்பியிருந்தால் எனக்கு 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றியிருப்பார்கள். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது, அதன் கடியில் இந்தச் சோதனை காப்பாற்றாது, அங்கே இமை சரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் அன்று பேசினோம். அதன் பிறகு இரண்டு வார்டுகளில் புதுக் குழாய்களைத் தனியாக எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சங்கம் என்ன செய்தது என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மொத்தம் 11 பயிற்சிகள் நடந்தன. அதிகமாக வந்தது 14 பேர். ஒரு மாதம் நானும் பொம்மையும் மட்டும். "சான்றிதழ் உண்டா?" என்று கேட்டு, இல்லை என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு. டிசம்பரில் ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்கு என்று உறுப்பினர் ஒருவர் பொம்மையை வாங்கிப்போனார். மார்ச் மாதம்தான் திரும்பியது, நுரையீரல் பை இல்லாமல். பெயர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

ஆண்டுச் சந்தா 500 ரூபாய். கட்டியவர்கள் 31 பேர். மற்றவர்களிடம் கேட்டால், "இதோ ஜிபே பண்ணுகிறேன் சிஸ்டர்" என்கிறார்கள். அந்த 'இதோ' தீபாவளிக்கு முன்பே தொடங்கியது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தயாரித்து வருகிறார். பொம்மைக்கும் சால்வைக்கும் தேநீருக்கும் போக ஒரு தொகை கையிருப்பில் இருக்கிறது; பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ரசீதுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, சந்தா கட்டியவர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அரங்கு தந்தவர்களுக்கும், பாடம் நடத்த வந்த மயக்கவியல் டாக்டருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் கொடுக்கும் முறையையும், ஈசிஜியில் எந்தத் துடிப்புக்கு ஷாக் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்பதையும் பழகலாம் என்று எண்ணம். நான் இந்தப் பொறுப்பில் தொடர்வதாக இல்லை. வீட்டிலும் போதும் என்கிறார்கள். பொம்மை இருக்கும் அலமாரியின் சாவியை வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்தால் இன்றே கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. புது நுரையீரல் பைகள் வாங்க வேண்டும். சந்தா பாக்கியில் பாதி வந்தாலே போதும்.

அடுத்த பயிற்சி இம்மாதம் மூன்றாம் சனிக்கிழமை, பிற்பகல் 3 மணி. தேநீர் உண்டு, சான்றிதழ் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்