மலையில் ஓடிய கப்பல் எஞ்சின்: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஹட்டன்

அன்புடையீர்,

எங்கள் வீட்டுப் பின்புறத்து விறகுக் கொட்டிலில் உருவான சிறிய கப்பல் எஞ்சின், சென்ற மாதம் தன் சொந்த நீராவியில் ஓடியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "டீச்சர் செய்த எஞ்சின்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு எனக்கு உறுத்துகிறது. எந்தத் துண்டு யாருடைய கைவேலை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் தலைமுறை தலைமுறையாக இயந்திரங்களை ஓட்டியும் பழுதுபார்த்தும் வந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இயந்திரத்தை விற்ற கம்பனியின் பெயர்தான் பித்தளைத் தகட்டில் மின்னிக்கொண்டிருக்கிறது.

ஆனால் உதவியவர்களில் பெரும்பாலோர் "பெயரைப் போட்டுவிடாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பெயர்களை விட்டுவிட்டு வேலைகளை மட்டும் எழுதுகிறேன். ஊர் சின்னது; யார் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எஞ்சினின் அளவுகள், இங்கிலாந்தின் ஸ்டுவர்ட் நிறுவனம் நெடுங்காலமாக வார்ப்புத் துண்டுகளாக விற்றுவரும் 'டபிள் டென்' மாதிரியுடையவை. இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் முக்கால் அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரமும் முக்கால் அங்குலம். வார்ப்புகளையும் அங்கிருந்தே வரவழைப்பதாகத்தான் திட்டம். அதற்குள் 2022 வந்துவிட்டது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நாட்டில், விளையாட்டு எஞ்சினுக்கு வார்ப்பு இறக்க வேண்டும் என்று வங்கியில் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் பிலிமத்தலாவைப் பக்கத்தில் பரம்பரையாகக் குத்துவிளக்கு வார்க்கும் முதலாளியிடம் போனேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். மிச்சத்தை விரல்கள் பார்த்துக்கொண்டன. நான் கொண்டுபோன மர அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மணலிலிருந்து உருவி எடுக்கும்போது விளிம்பு உடையாமல் இருக்கப் பக்கங்களைச் சற்றுச் சாய்க்கச் சொன்னார். உள்மூலைகளை உருட்டிவிடச் சொன்னார். உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவில் சுருங்கும் என்பதால் அச்சை அந்தக் கணக்கில் பெருக்கச் சொன்னார். பழைய தேயிலை ரோலர்களின் தேய்ந்துபோன வெண்கலப் புஷ்களை உருக்கித்தான் சிலிண்டர்கள் வார்க்கப்பட்டன. அவற்றை நிறுத்து, கேட் பாஸ் எழுதி, முறைப்படி வெளியே விட்ட தோட்டத் தொழிற்சாலை அலுவலர்களுக்கும், அந்தக் கனத்த பெட்டியைக் கம்பளை வழியாக ஒவ்வொரு முறையும் முணுமுணுக்காமல் ஏற்றிவந்த பஸ் நடத்துநருக்கும் நன்றி.

முதலாளிக்கு இன்னொரு நன்றியும் உண்டு. கொழும்பில் ஒரு கடையில், துளையைச் சீராக்கும் ரீமர் வாங்கப் போனபோது, நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விற்பனையாளர் என் கணவரின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். என் கணவர் புடவைக் கடை வைத்திருப்பவர். ரீமரை மேலே பிடிப்பதா கீழே பிடிப்பதா என்றுகூட அவருக்குத் தெரியாது. பாவம், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். முதலாளியோ முதல் நாளிலேயே அச்சை என் கையில் கொடுத்து, என்னிடமே கேட்டு, என்னிடமே சண்டையும் போட்டார்.

இனி ஃபிட்டர் மாமா. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். எனக்கு உறவு இல்லை. ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறது.

நீராவி எஞ்சினின் உயிர் ஸ்லைட் வால்வு என்ற ஒரு குட்டிப் பெட்டியில் இருக்கிறது. சிலிண்டரின் பக்கத்தில் மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய், நடுவில் கழிவு நீராவி வெளியேற ஒரு வாய். அவற்றின் மேல் இந்தப் பெட்டி ஏறி இறங்கி, நீராவியைப் பிஸ்டனுக்கு மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி விடுகிறது. பெட்டியின் அடியும் அது படியும் முகமும் மயிரிழை பிசகினாலும், நீராவி வேலை எதுவும் செய்யாமல் நடுவாயால் போய்விடும். சீறல் இருக்கும், சுற்று இருக்காது.

லேத்தில் கடைந்த சமதளம் மாமாவின் கணக்கில் சமதளமே ஆகாது. தடித்த கண்ணாடித் துண்டில் பிரஷ்யன் நீலத்தை மெல்லப் பூசுவார். வால்வை அதன்மேல் வைத்து, ஒரு விரலால் அசைத்து எடுப்பார். நீலம் ஒட்டிய இடம் மேடு. தேய்ந்த அரத்தின் முனையைத் தீட்டிச் செய்த சுரண்டியால் அந்த மேட்டை மட்டும் வருடிவிடுவார். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். முதலில் இரண்டு மூலைகளில் மட்டும் தெரிந்த நீலம், போகப்போக முகம் முழுவதும் புள்ளிப் புள்ளியாகப் பரவும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, என் லேத் ஊமையாகக் கிடந்தது. மாமாவுக்கு அது நல்ல காலம். சன்னல் வெளிச்சம் போதும், பிளேன்ரீ போதும். அடுத்த எரிபொருள் வரிசை எங்கே என்று ஊர் அலைந்துகொண்டிருந்த நாட்களில், அவர் எங்கள் கொட்டிலில் உட்கார்ந்து வெண்கலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"போதும் மாமா, எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது" என்பேன்.

"கண்ணை நம்பாதீர்கள் டீச்சர், நீலத்தை நம்புங்கள்" என்பார்.

இரண்டு வால்வு முகங்களும் முழுக்க முழுக்க மாமாவின் வேலை. தோட்டத்து நீராவி எஞ்சினுக்கு விறகு போட்டவர் அவருடைய தந்தை. அந்த எஞ்சினை மாமா சிறுவனாகப் பார்த்திருக்கிறார். பிறகு டீசலும் மின்சாரமும் வந்து அதை இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டன. இந்தக் கைப்பக்குவம் எந்தச் சான்றிதழிலும் இல்லை. மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கொழுந்துக் கூடையைத் தாண்டி ஸ்டோருக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் நல்லது என்பது என் கட்சி.

முதல் ஓட்டத்தன்று, ஸ்டோர் இயந்திரங்களைக் காக்கும் ரோதைமுனிக்கு வெற்றிலை பாக்கு வைக்காமல் வால்வைத் திறக்கக் கூடாது என்றார் மாமா. வைத்தோம். சில்லின் பக்கத்தில் வைத்த எலுமிச்சம்பழம், எஞ்சினில் பாதி உயரத்துக்குக் கம்பீரமாக இருந்தது.

கொதிகலன், நகைக்கடைத் தெருவில் உள்ள பத்தர் ஐயாவுடையது. மூன்றங்குல விட்டமுள்ள செப்புக் குழாய்க்கு இரு பக்கமும் மூடி தட்டி, வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்ட வேண்டும். செப்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது இளகும். எஃகுக்கு நேர் எதிர். இதை நான் பாடப்புத்தகத்தில் படித்தவள், பத்தர் ஐயா ஏழு வயதிலிருந்து கையால் அறிந்தவர். தொல்லை எதில் என்றால், செப்பு சூட்டை ஓரிடத்தில் நிற்க விடாது. சங்கிலிக் கண்ணியை ஒட்டும்போது அந்தக் கண்ணியைக் காய்ச்சினால் போதும். கொதிகலனிலோ குழாய் முழுவதும் ஒன்றாகச் சூடேறினால்தான் பற்றாசு ஓடும். சமையல் எரிவாயுவும் கிடைக்காத நேரம் அது. பத்தர் ஐயா தீச்செங்கற்களை அரைவட்டமாக அடுக்கி, நடுவே கரியைக் கொட்டி, கொல்லர் ஒருவரிடம் கைத்துருத்தி இரவல் வாங்கி, வெங்காரத்தைக் குழைத்துப் பூசினார். வெங்காரம் பொங்கி, அடங்கி, கண்ணாடியாக உருகியது. அந்தக் கணத்தில் பற்றாசுக் கம்பியைத் தொட்டார். விளிம்பைச் சுற்றி வெள்ளிக்கோடு ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது. அவர் பொடி வைத்து ஊதுவாரே தவிரப் பொடி வைத்துப் பேசமாட்டார். "இது வெடித்தால் என் கடைப் பெயரைச் சொல்லாதீர்கள்" என்று நேராகவே சொல்லிவிட்டார். வெடிக்கவில்லை, ஐயா. ஆனாலும் கடைப் பெயரை எழுதவில்லை.

வெடிக்காது என்று உறுதிசெய்தவர் சீஃப். வல்வெட்டித்துறையில் பிறந்து, கப்பல்களில் தலைமைப் பொறியியலாளராக இருந்து, குளிருக்காகப் பண்டாரவளையில் குடியிருப்பவர். எங்கள் கொதிகலனின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல். அதைப் போல் இரு மடங்குக்கு, அதாவது 80 இறாத்தலுக்கு, குளிர்ந்த தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் அழுத்திச் சோதித்தார். தண்ணீர் அமுங்காது, தையல் விட்டால் ஒழுகும், அவ்வளவுதான். உள்ளே காற்று சிக்கியிருந்தால்தான் ஆபத்து. பிறகு தீயை முழுதாக மூட்டி, வெளிவழியை அடைத்து, பாதுகாப்பு வால்வு மட்டும் நீராவியைத் தள்ளிவிடுகிறதா, அழுத்தம் வேலை அழுத்தத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்தார். அதுவரை என் மாணவர்களைப் பின்கதவுக்கு அப்பால் நிறுத்திவைத்தார்.

ஏன் இரண்டு சிலிண்டர், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்குகளுக்கு இடையில் ஏன் 90 பாகை என்பதையும் அவர்தான் மாணவர்களுக்கு விளக்கினார். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பிஸ்டன் உச்சியில் நின்றுவிட்டால் தானாகக் கிளம்பாது, சில்லைக் கையால் தள்ளிவிட வேண்டும். துறைமுகச் சுவர் நெருங்கிவரும்போது அதற்கெல்லாம் நேரம் இல்லை. 90 பாகையில் இருந்தால் ஒன்று முட்டி நிற்கும்போது மற்றது முழு வலுவோடு இருக்கும். எந்த நிலையிலிருந்தும் கிளம்பலாம், திரும்பலாம். அவர் தொழில் பழகியது, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டித்தள்ளிய 2,710 லிபர்ட்டி கப்பல்களில் ஒன்றில். அந்த எஞ்சினில் நீராவி மூன்று சிலிண்டர்களில் ஒன்றன்பின் ஒன்றாக விரியும்: விட்டம் 24½, 37, 70 அங்குலம். கடைசிச் சிலிண்டரின் குறுக்கே ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுழலும் கிராங்கோடு கையை ஒத்து வீசி, பேரிங் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்களாம். எங்கள் எஞ்சின் ஓடியபோது அதே வேலையைச் சுண்டுவிரல் நுனியால் செய்து பார்த்து, "குளிர்ச்சியாக இருக்கிறது பிள்ளை" என்றார். எந்தப் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

எஞ்சினை முன்னும் பின்னும் திருப்பும் இணைப்புக்கு ஸ்டீபன்சன் பெயர் வழங்குகிறது. 1842இல் அதை உருவாக்கியவர்கள் ராபர்ட் ஸ்டீபன்சனின் பட்டறையில் வேலைசெய்த வில்லியம்ஸ், ஹோவ் என்ற இருவர். இதைச் சீஃப் சொன்னபோது ஃபிட்டர் மாமா சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

சீஃப் என்னைக் கிண்டலும் செய்தார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போயிருக்கிறது. "எங்கள் ஊர் எஞ்சின் இல்லாத கப்பலை அமெரிக்காவுக்கு அனுப்பியது. உங்கள் ஊர் கப்பல் இல்லாத எஞ்சினைச் செய்திருக்கிறது" என்றார். மறுக்க முடியவில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விடுவதற்கு ஒரு படகு இனித்தான் கட்ட வேண்டும்.

நூலளவு திருகாணிகளுக்கு மரை வெட்டும் டாப்புகளைத் தந்தவர் வானொலி திருத்துபவர். வரைபடம் கேட்டது பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை, ஹட்டன் கடைகளில் யாரும் கேள்விப்படாதது. பழைய வால்வு (கண்ணாடிக் குழல்) ரேடியோக்கள் முழுக்க அதுதான் என்று, தகரப் பெட்டியைத் திறந்து 7 பி.ஏ. டாப்பை எடுத்து நீட்டினார். இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பு. பெயரில் பிரித்தானியம், அளவில் மீற்றர்! ஏலத்தில் எடுத்த மைஃபோர்ட் லேத்தைக் கொழுந்து லொறியிலிருந்து இறக்கிக் கொட்டிலுக்குள் வைத்த லயத்துப் பிள்ளைகளுக்கும், விறகை மழையில் நனையவிட்டு இடம் கொடுத்த என் மாமியாருக்கும் நன்றி.

என் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் தனி நன்றி. ஹட்டனின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறதே, சூடு குறைந்த நீராவிக்கு வலு எப்படி வரும் என்று கேட்டவர்கள் அவர்கள். விடையையும் அவர்களே கணக்கிட்டார்கள். கொதிகலனின் அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. இங்கே வெளிக்காற்று 14.7 இறாத்தலுக்குப் பதில் 12.6 அளவில் இருப்பதால், மானியில் 40 என்றால் உள்ளே 52.6, அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது 140 பாகையில். மூடிய கொதிகலனுக்குள் மலையும் கடற்கரையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பத்தர் ஐயாவின் ஊதுகுழல், வானொலிக்காரரின் டாப்புகள், கொல்லரின் துருத்தி மூன்றும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. இந்த வாரத்துக்குள் வந்து தருகிறேன். பாடசாலை விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை மறுபடி நீராவி ஏற்றுகிறோம். எல்லோரும் வாருங்கள். குழாய்த் தண்ணீர் கொதிகலனில் படிவு கட்டும் என்று சீஃப் சொல்வதால், வருபவர்கள் ஆளுக்கொரு போத்தல் மழைத் தண்ணீர் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். பிளேன்ரீயும் சுசியமும் எங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
பௌதிகவியல் டீச்சர்