கோஹினூரைப் 'பரிசு' எனக் கூறிய நிலைப்பாட்டைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, மதுரை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள், ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம், புது டெல்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோஹினூர் வைரம் திருடப்பட்டதோ பலவந்தமாகப் பறிக்கப்பட்டதோ அல்ல, பிரிட்டிஷாருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டதே என்று 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் கூறப்பட்டது. மறுநாளே தங்கள் அமைச்சகம், அதை மீட்க எல்லா முயற்சியும் எடுக்கப்படும் என்றது. 2018-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டவருக்கு, லாகூர் மகாராஜா இங்கிலாந்து அரசியிடம் அதை 'ஒப்படைத்தார்' என்று தொல்லியல் துறை பதிலளித்தது. ஒரே அரசு; எதை நம்புவது?

போரில் தோற்ற பஞ்சாப் சீக்கிய அரசு பிரிட்டிஷாருடன் செய்துகொண்ட 1849 லாகூர் உடன்படிக்கையை நான் பாடம் நடத்தியபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "பத்து வயதுப் பையன் எப்படி டீச்சர் பரிசு கொடுப்பான்?" என்று கேட்டாள். அப்போது லாகூர் மகாராஜாவாக இருந்த துலீப் சிங்குக்குப் பத்து வயதுதான். தாய் ஜிந்த் கௌரை அவனிடமிருந்து முன்பே பிரித்துவிட்டார்கள். வைரத்தை அரசியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு கட்டளையிடுகிறது. தோற்ற நாட்டின் சிறுவனுக்குப் போட்ட கட்டளையைப் பரிசு என்று அவளுக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

இன்றைய பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் சார்லஸ் அந்த வைரத்தை எடுத்தவர் அல்லர். அவருக்கு வாரிசாக வந்தது. ஆனால் தகப்பன் சொத்தை ஏற்கும் மகன் அதன் மேலுள்ள கடனையும் ஏற்க வேண்டும் என்பது நம் கிராமத்துப் பஞ்சாயத்து வரை செல்லும் நியாயம். அங்கோ ஓர் அரசரிடமிருந்து அடுத்த அரசருக்குப் போகும் சொத்துக்கு 1993 ஏற்பாட்டின்படி வாரிசு வரிகூட இல்லை. 2023 முடிசூட்டு விழாவில் அரசி கமிலாவின் கிரீடத்தில் கோஹினூர் பதிக்கப்படவில்லை. உறுத்தல் அவர்களுக்கும் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் ஆகியவையும் வைரத்தின் மீது உரிமை கோருகின்றன. அந்த வழக்கைத் தீர்த்து வைக்குமாறு நான் கேட்கவில்லை. 2016-இல் கூறியதை அரசு எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற வேண்டும். இந்தியாவிலிருந்து சென்று அரச குடும்பத்திடம் இன்றும் உள்ள நகைகள் எவை, எந்த வழியில் போயின என்ற பட்டியலை வெளியிடவும், வின்ட்சர் கோட்டையிலுள்ள அரச குடும்ப ஆவணக் காப்பகத்தில் அதற்குரிய தாள்களை நம் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடவும் பிரிட்டிஷ் அரசிடம் முறைப்படி கோர வேண்டும்.

மூன்றாம் பிரிவின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் பதிலை அந்த மாணவிக்கும் அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்