எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தில் தேடுவது என்றால் ஒரே பெட்டியில் நாலு வார்த்தை தட்டி முதலில் வருவதை நம்பிவிடுவது என்றே பலர் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த ஒரு மாத்திரையின் பக்கவிளைவைத் தேடப்போய், விளம்பரங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய கட்டுரைகளுமாக வந்து விழ, அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

அப்புறம்தான் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் என்ற தளம் தெரியவந்தது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் நடத்துகிறது, காசு கிடையாது. ஆங்கிலத்தில் சாதாரணமாக ‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டினாலே, மருத்துவர்கள் எழுதும் ‘மையோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்பதையும் அதுவே சேர்த்துத் தேடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் ‘ரிவ்யூ’ என்பதில் ஒரு டிக் போட்டால், பல ஆய்வுகளை ஒன்றாக அலசிய கட்டுரைகள் மட்டும் நிற்கும். முழுக் கட்டுரை எல்லாவற்றுக்கும் இலவசமாகக் கிடைக்காது, பல நேரம் சுருக்கம்தான், ஆனால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வாட்ஸ்அப்பில் ‘நேற்று எடுத்தது’ என்று வரும் படத்தை, அது இணையத்தில் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடித்தரும் டின்ஐ தளத்தில் ஏற்றி, பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் பாருங்கள், சில நேரம் பல வருடம் முந்தைய தேதி வந்து நிற்கும். காணாமல் போன இணையப் பக்கங்களுக்கு வேபேக் மெஷின், ஆய்வுக் கட்டுரைகளுக்கு கூகுள் ஸ்காலர்.

உங்கள் நாளிதழில் வாரம் ஒரு தேடுபொறியை, படத்தோடு, எங்கே என்ன தட்ட வேண்டும் என்பது வரை விளக்கி எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி