அழுதுகொண்டு வருபவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்

எல்லாச் சமயங்களையும் சேர்ந்த சொற்பொழிவாளர்களுக்கு, வணக்கம்.

துன்பம் வந்தபோது மட்டும் கடவுளைத் தேடுவது வியாபாரம் என்றும், மெய்யான பக்தி உள்ளவர் எதற்கும் கலங்கமாட்டார் என்றும் நீங்கள் மேடைதோறும் சொல்லிவருவது குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவில், அரங்கின் கதவுக்கு மேல் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தபடி ஆறு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு மூதாட்டி, மகனின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் கையை மீறிப் போய்விட்டதை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டிய நிலை அவருக்கு. விடிவதற்குள் மகன் இறந்துபோனார். ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், “நம்பிக்கை உள்ளவங்க இப்படி அழலாமா அம்மா?” என்று கேட்டார். அந்தத் தாய் அழுகையை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். இன்றுவரை என்னால் அதை மறக்க முடியவில்லை.

அச்சமும் வழிபாடும் சேர்ந்தே இருப்பதை மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கண்டார்: பாதுகாப்பான காயலில் மீன்பிடிக்கச் சடங்கு செய்யாத மக்கள், ஆபத்தான திறந்த கடலுக்குப் போகும்போது விரிவான சடங்குகள் செய்தார்கள். 1927இல் மத நம்பிக்கையை ஆசையில் பிறந்த மாயை என்று எழுதிய உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டுகூட, ஆசையில் பிறந்ததாலேயே ஒன்று பொய்யாகிவிடாது என்று ஒப்புக்கொண்டார். நம்பாதவரான அவர் காட்டிய நிதானம்கூட உங்கள் பேச்சில் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் நூல்களே உங்களுக்கு எதிராகப் பேசுகின்றன. கீதையின் ஏழாம் அத்தியாயம் கண்ணனை வழிபடுவோரை நால்வகையாகப் பிரித்து, துயருற்றவனையும் பொருள் வேண்டுபவனையும் அவர்களுள் சேர்த்து, ஞானியைத் தனக்கு மிக நெருங்கியவன் என்று சொன்ன பின்னும், நால்வருமே உயர்ந்தவர்கள் என்கிறது. துன்பத்தில் தவிப்பவர் அழைக்கும்போது பதிலளிப்பவன் யார் என்று குர்ஆன் கேட்கிறது. மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகள் கண்ணீர் விட்டதை ஹதீஸ் சொல்கிறது. இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவைப் பற்றிய விவிலியக் கதையிலோ, கடவுளோடு வழக்காடிய யோபு சரியாகப் பேசியதாகவும், அவருக்கு உபதேசம் செய்த நண்பர்கள் தவறாகப் பேசியதாகவும் கடவுளே தீர்ப்புச் சொல்கிறார்.

நீங்கள் யோபுவின் பொறுமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். இனி அவர் பிறந்த நாளையே சபித்துப் புலம்பும் மூன்றாம் அதிகாரத்தையும், துக்கத்தில் இருப்பவர்கள் கேட்கும்படி, நிறுத்தி வாசியுங்கள்.