ஒன்பதாம் அத்தியாயத்தில் நீங்கள் போட்ட வட்டம்

அன்புள்ள அக்கா,

ஜூலை 31 அன்றுதான் இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும். மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால் அவர்களுக்காக ஒரு வரி: 1944ல் இதே நாளில் கார்சிகாத் தீவிலிருந்து வேவு விமானத்தில் கிளம்பிய அந்த்வான் து செந்த்-எக்சுபெரி திரும்பி வரவில்லை. அவருடைய ‘குட்டி இளவரசன்’ அதற்கு முந்தைய வருடம் நியூயார்க்கில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வெளியாகியிருந்தது. பிரான்சில் கடைக்கு வந்தது 1946ல். தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் 1981லேயே பிரெஞ்சிலிருந்து நேராகக் கொடுத்துவிட்டார்கள். பிறகு நாம் ஏன் அதை மறுபடி தமிழாக்கத் தொட்டோம் என்பது நமக்குள் இருக்கட்டும்.

ஒன்பதாம் அத்தியாயத்தை முழுக்கத் திருத்திவிட்டேன், அக்கா. நீங்கள் சொன்னபடியே.

சொன்னபடி என்றா எழுதினேன்? நீங்கள் எங்கே சொன்னீர்கள்? என் கைப்பிரதியில், இளவரசனின் கிரகத்தில் பூத்த ரோஜா அவனிடம் பேசும் ஒரு வரியில், ‘நீ’ என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு மேஜையில் வைத்தீர்கள். பக்க ஓரத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. “இதில் என்ன தப்பு?” என்று கேட்டேன். “பிரெஞ்சைப் பார்” என்றீர்கள். நான்கு பேர் உட்கார்ந்திருந்த அறையில், குழந்தைகள் புத்தகத்துக்கு இவ்வளவு இலக்கணம் எதற்கு என்று நான் கேட்டது தப்புதான். அதற்கு மேல் அன்று யார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பார்த்துவிட்டேன். இரண்டு கலர் பென்சில் எடுத்துக்கொண்டு, மரியாதைக்கான ‘வூ’ (நம் ‘நீங்கள்’) வரும் இடத்தில் நீலம், நெருக்கத்துக்கான ‘த்யூ’ (நம் ‘நீ’) வரும் இடத்தில் சிவப்பு என்று முதல் பக்கத்திலிருந்து கோடு போட்டேன். முன்னிலைப் பெயரை மட்டும் தேடினால் பாதி நழுவிவிடும். ஏவல் வினையிலும் மரியாதை ஒளிந்திருக்கிறது, நம் ‘வை’, ‘வையுங்கள்’ மாதிரி. ஆங்கிலத்தை வைத்து முதல் வரைவு எழுதியதுதான் என் தவறின் வேர். அங்கே ‘யூ’ ஒன்றுதான். அதைத் தமிழாக்கும்போது நீயா நீங்களா என்பதை நம் வாய்ப்பழக்கம் தீர்மானித்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர் தீர்மானித்து எழுதி வைத்திருப்பது கண்ணில் படுவதே இல்லை.

எட்டாம் அத்தியாயத்தில் ரோஜா விரிகிறது. இளவரசன் ‘வூ’ போட்டு “எவ்வளவு அழகாக இருக்கிறீர்கள்!” என்கிறான். அதுவும் அவனிடம் ‘வூ’வில்தான் பேசுகிறது. காலைச் சாப்பாடு கேட்பது, காற்றுக்குத் திரை கேட்பது, சாயங்காலம் கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கச் சொல்வது எல்லாம் நீலக் கோடு. ஒன்பதாவதில் அவன் கிளம்பும்போது ஒரேயடியாகச் சிவப்பு.

அதை எப்படிச் செய்திருக்கிறார் என்பதைத்தான் அன்று நான் பார்க்கவில்லை. பூ கண் விழித்ததும் தலை கலைந்திருப்பதற்காக “ழெ வூ தெமாந்த் பார்தோன்” என்கிறது. வெறும் நாகரிகப் பேச்சு. அவன் விடைபெறும்போது “ழெ த தெமாந்த் பார்தோன்” என்கிறது. அதே வாக்கியம், நடுவில் ஒரு சொல் மட்டும் மாறியிருக்கிறது. என் வரைவில் முதலாவது “ஐயோ, கோலத்தைப் பார்க்காதே” என்ற மாதிரி இருந்தது. இரண்டாவது “என்னை மன்னித்துவிடு.” ஒரே வாக்கியம் இரண்டு முறை வந்தால் அலுக்கும் என்று நினைத்து அழகுபடுத்தினேன். இரண்டையும் இணைக்கும் இழை அங்கேயே அறுந்துவிட்டது. இப்போது “என்னை மன்னித்துவிடுங்கள்”, “என்னை மன்னித்துவிடு” என்று இரண்டையும் ஒரே சொற்களில் வைத்திருக்கிறேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

ஆனால் என் பக்கத்தையும் நீங்கள் கேட்டிருக்கலாம். ரோஜாவுக்கு நான் முதலிலிருந்தே ‘நீ’ கொடுத்தது சோம்பலால் அல்ல. தமிழில் ஒரு பெண்குரல் “நீங்கள், நீங்கள்” என்றால் நம் காதில் விழுவது புருஷனிடம் அடங்கிப் பேசும் பெண்டாட்டி. பிரெஞ்சு ‘வூ’ இங்கே அடக்கம் இல்லை. மிடுக்கு, கொஞ்சம் பாவனை, எட்ட நின்று பேசுவது. அந்தப் பயத்தில்தான் எழுதினேன். அதற்கு மருந்து ‘நீ’ போடுவதில்லை என்று இப்போது புரிகிறது. இளவரசனும் அதனிடம் விடாமல் ‘நீங்கள்’ என்றே பேச வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தால் பெண்டாட்டித்தனம் போய்விடும். மிச்சத்தை அது கேட்கிற தோரணை பார்த்துக்கொள்ளும்: “சாயங்காலம் என்னைக் கூண்டுக்குள் வையுங்கள். உங்கள் இடம் ரொம்பக் குளிர்.” இந்த இரண்டு வரியை அன்றே சொல்லியிருந்தால் ஒரு வருடம் வீணாகியிருக்காது, அக்கா. வட்டம் போட்டுவிட்டு எழுந்து போவது திருத்தம் ஆகாது.

கோடு போட்டபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒன்பதாவதில் ரோஜா ‘த்யூ’வுக்கு இறங்கி வந்த பிறகும், அவன் அதன் முகத்தைப் பார்த்து ஒரு தடவைகூட ‘த்யூ’ சொல்வதில்லை. ‘வூ’வும் சொல்வதில்லை. கையில் தூக்கிய கூண்டோடு நின்று “ஆனால் காற்று...”, “ஆனால் பூச்சிகள்...” என்று மட்டும் சொல்கிறான். பூவோ “ழெ தெம்” (உன்னை நேசிக்கிறேன்) என்றே சொல்லிவிட்டது. தமிழில் அவன் வரிகளில் வினைமுற்று எதையும் சேர்க்காமல் அப்படியே மொட்டையாக விட வேண்டும். “காற்று அடிக்குமே, என்ன செய்வாய்?” என்று முடித்தால் அவனையும் ‘நீ’ சொல்ல வைத்துவிடுவோம். நான் அப்படித்தான் முடித்திருந்தேன். உங்கள் வட்டம் அங்கே இல்லை. நீங்களும் அதைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்களால் கிடைத்தவற்றையும் எழுத வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில், பாலைவனத்தில் விமானியை எழுப்பும் இளவரசனின் குரல் ‘வூ’வில் கெஞ்சி ‘த்யூ’வில் முடிக்கிற அந்த ஒரு வரி. “தயவுசெய்து” போட்டால் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்காமல் “ஏங்க... எனக்கு ஒரு ஆடு வரைஞ்சு கொடு” என்றீர்கள். ‘ஏங்க’வில் மரியாதை, ‘கொடு’வில் குழந்தை. அது அப்படியே இருக்கிறது. கைவைக்க யாரையும் விடமாட்டேன்.

சூரிய அஸ்தமனக் கணக்குக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆறாம் அத்தியாயத்தில் இளவரசன் ஒரே நாளில் பார்த்த அஸ்தமனம் 43 என்று நீங்கள் படித்தபோது 44 என்று திருத்தி, உங்கள் கண்ணைக் குறை சொன்னேன். உங்கள் கண்ணில் குறை இல்லை. 1943ன் நியூயார்க் பதிப்பில் 44. 1946ல் பிரான்சில் கலிமார் பதிப்பகம் போட்ட பதிப்பில் 43. பல ஆண்டுகள் பிரான்சில் 43 என்றே அச்சாகி, பிறகுதான் 44க்குத் திரும்பியது. உங்களுடையது பழைய பிரதி. மொழிபெயர்க்க உட்காரும் யாரும் அந்தப் பக்கத்தை முதலில் திறந்து பார்த்தால் கையில் இருப்பது எந்தப் பதிப்பின் பாடம் என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை. கதை சொல்லும் விமானிக்குப் பூ ‘அது’தான். பிரெஞ்சில் பூ பெண்பால் என்பதால் ‘எல்’ (அவள்) வருகிறது, மேஜைக்கும் ‘எல்’தான். அதற்காகத் தமிழில் முதல் வரியிலிருந்து ‘அவள்’ போட்டால், இளவரசன் பின்னால் மனம் திறந்து “அவளை நேசிக்கத் தெரியாத வயது எனக்கு” என்று சொல்லும்போது கொடுப்பதற்கு நம் கையில் எதுவும் இருக்காது. பிரெஞ்சுக்கு வாய்க்காத ஒரு படி தமிழில் இருக்கிறது. அதை விடச் சொல்கிறீர்கள். விடமாட்டேன்.

பாக்கி இருப்பது ‘அதியூ’, ஒரேயடியாக விடைபெறும் பிரெஞ்சுச் சொல். இனித் திரும்பி வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் பூவிடம் அதை இரண்டு தடவை சொல்கிறான். நம் வீட்டில் யாரும் போகும்போது ‘போகிறேன்’ என்பதில்லை, ‘போய்ட்டு வரேன்’தான். அதைப் போட்டால் வருவேன் என்று வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. ‘விடைபெறுகிறேன்’ மேடைப் பேச்சு. வெறும் ‘போகிறேன்’ காதில் சுருக்கென்று குத்துகிறது. குத்தத்தான் வேண்டுமோ என்றும் தோன்றுகிறது. அந்த இரண்டு இடத்தையும் காலியாக விட்டுப் பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பென்சிலாலேயே எழுதுங்கள். இந்தத் தடவை வட்டம் மட்டும் போட்டு அனுப்பாதீர்கள்.